பின்சீட்டில் தனக்கொடி

தனக்கொடி செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசல் பந்தலைப் பிரித்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகும், அவள் பவுன்தாயின் ஸ்கூட்டியில் பின்சீட்டை விட்டு மட்டும் இன்னும் இறங்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் பஞ்சர் கடை ரபீக் பாய்தான். வண்டி மேடேற மாட்டேன் என்கிறது, பின்னால் காற்று இறங்கியிருக்கிறதா பாருங்கள் என்று பவுன்தாய் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், மீட்டரை வைத்துப் பார்த்தார், ஸ்டாண்டு போடுவதற்காகப் பின்பக்கத்தைத் தூக்கினார். புல்லட்டையே ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துகிற மனிதருக்கு அந்தச் சின்ன வண்டி அசைந்து கொடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். சீட்டு இடது பக்கமாக அமுங்கியிருந்தது. தேவிநாயக்கனூரில் உடம்பு பாரம் அத்தனையையும் இப்படி ஒரு பக்கமாகவே போட்டு உட்காருகிறவள் யார் என்பது டயர் ஒட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"டயர்ல ஒன்னுமில்லக்கா. கொடியக்கா இன்னும் இறங்கல."

"அப்படியா?" என்றாள் பவுன்தாய். "நான் பிளக்குல கரி பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சேன்."

"பிளக்கு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு ஆள் பாரத்துக்குத் தக்கன காத்து வச்சுவிடுறேன். மேட்டுல மட்டும் பாத்துப் போங்க."

பவுன்தாய் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள், பழக்கத்தில் "பிடிச்சுக்கடி" என்று பின்னால் பார்க்காமலே சொன்னாள், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அவர்கள் இருவரும் அந்த வண்டியில்தான் பிழைத்தார்கள். நைட்டி, உள்பாவாடை, தலையணை உறை என்று மொத்தமாகச் சரக்கு எடுத்துவந்து, தேவிநாயக்கனூரிலும் மலையடிவாரத்தை ஒட்டிய சுற்றுப்பட்டிகளிலும் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுவது பவுன்தாய். மடியில் பெரிய பையை வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவது தனக்கொடி. சேலை கட்டிய பெண் பின்சீட்டில் ஏறினால் ஒருக்களித்துத்தான் உட்கார வேண்டும், ஒருக்களித்து உட்கார்ந்தால் இடது பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்பதால், ஊரின் இடது பக்கம் முழுவதும் தனக்கொடிக்குச் சொந்தமாகிப்போனது. போகும்போது ஒரு பாதி, திரும்பி வரும்போது மறு பாதி. எந்த வீட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், எந்த வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்கிறது, எவள் புருஷனோடு சண்டை போட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பவுன்தாய்க்கு ரோடு தெரியும். எந்தத் திருப்பத்தில் மணல் கிடக்கும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், எந்த நாய் குறுக்கே பாயும் என்று கேட்டால் சொல்வாள். வீட்டில் இருக்கிற மனிதர்களைக் கேட்டால் கொடியைக் கேளுங்கள் என்பாள்.

பவுன்தாயின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவளுக்குத் துணை என்று இருந்தது முதுகுக்குப் பின்னால் கேட்கிற அந்தக் குரல்தான். "இங்க பாரேன் பவுனு, இங்க பாரேன்" என்று தனக்கொடி எந்நேரமும் தோளைப் பிடித்து உலுக்குவாள். "ரோட்டப் பாக்கவா, உன்னையப் பாக்கவா?" என்று பவுன்தாய் எரிந்து விழுவாள். வாய் ஓயாதவளும் திரும்பிப் பார்க்காதவளும் சேர்ந்து எப்படித்தான் காலம் தள்ளினார்களோ, ஒருத்தியை விட்டு ஒருத்தி இருந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைசியாகப் போன அன்று சாயந்தரம், பஸ் ஸ்டாண்டு ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பிரிட்ஜு வாஷிங் மெஷின் கடையைத் தாண்டும்போதும் தனக்கொடி தோளை உலுக்கினாள். தரையிலிருந்து மாடி வரைக்கும் கண்ணாடி போட்ட கடை. திறந்த நாளிலிருந்தே அந்த இடம் வந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

"இங்க பாரேன்டி. ஒரே ஒரு தடவ பாரேன்."

"எதிர்ல பஸ் வருது கொடி. ரோட்டப் பாக்கவா, உன்னையப் பாக்கவா?"

"சரி, நாளைக்கு மெதுவா விடு. காட்டுறேன்."

மறுநாள் காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைக்காமலே சரிந்துவிட்டாள். நெஞ்சு என்று டாக்டர் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டார். பவுன்தாய் வழக்கம்போல வாசலில் ஹாரன் அடித்து, இன்னும் என்னடி சீவி முடிச்சுக்கிட்டிருக்க என்று இன்னொரு தடவையும் அடித்த பிறகுதான் உள்ளே இருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

சாவு வீட்டில் எல்லாருக்கும் ஒரு முறை உண்டு. அண்ணன் வீட்டுக்காரர்கள் கோடித் துணி போட வேண்டும், அண்ணி முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழ வேண்டும், கொழுந்தன் வீட்டு மாலை தனியாக வர வேண்டும், மாமன் மச்சான்களுக்குத் தலையில் உருமா கட்ட வேண்டும். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த ஓர்ப்படிக்குக்கூட உட்கார இடம் இருந்தது. பவுன்தாய், கடைசியாக வந்த லோடிலேயே தனக்கொடி "இது எனக்கு" என்று ஒதுக்கி வைத்திருந்த மயில்நீல நைட்டியை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதை மேலே போர்த்தப் போனபோது தனக்கொடியின் அண்ணி, சின்னமனூர்க்காரி, நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்ன முறைம்மா வேணும் எங்க கொடிக்கு?"

அந்த அம்மாள் குத்தலாகக் கேட்கவில்லை. கோடி போட வருகிறவர்களைக் கேட்கிற கேள்விதான். பவுன்தாய் அக்கா, தங்கச்சி, மதினி என்று ஒவ்வொரு முறையாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டுறவ" என்றாள். அவர்கள் ஏதோ ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறது போல என்று தலையாட்டிக்கொண்டார்கள். அவள் நைட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாக்கடை ஓரமாக வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அழுகிற வட்டத்தில் நமக்கு எந்த இடம் என்று தெரியாததால் அழவும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் வண்டியை எடுத்தால் வண்டி மேடேறவில்லை.

நம்பாதவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களும் ஒரு தடவை வந்து பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றபடி தேவிநாயக்கனூர் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவசரமாகப் போனவள், பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனவள், முடித்துக்கொண்டு இறங்குவாள் என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான் என்பது போல, முதல் நாள் ஓடைத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. நிறுத்த வேண்டிய வீடு வந்தால் தனக்கொடி இப்படித்தான் ஒரு சாய்வு சாய்வாள். பவுன்தாய் பிரேக் போட்டாள். வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"என்ன பவுனக்கா?"

"எனக்கென்ன தெரியும்? கொடி நிக்கச் சொல்றா."

"ஆத்தாடி! ஜிப்பு வச்ச நைட்டி வேணும்னு அவகிட்டதான் சொல்லி வச்சிருந்தேன். மறக்கலையே, பாரேன்!" என்று அந்தப் பெண் சீட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஒரு நைட்டிக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

இப்படி ஒவ்வொரு தெருவிலும் வண்டி சாய்ந்தது. தனக்கொடி மனசுக்குள்ளேயே வைத்திருந்த ஆர்டர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன. அவை முடிந்த பிறகும் சாய்வது நிற்கவில்லை. அவளுக்குப் பேசப் பிடித்த வீடுகளில் சும்மாவே சாய்ந்தது. பெண்கள் வெளியே வந்து, மருமகள் செய்கிற அழிச்சாட்டியத்தையும் மகன் போனில் பேசாததையும் சீட்டைப் பார்த்துச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் "சரி, உனக்கு நேரமாச்சு, போயிட்டு வா" என்று அனுப்பினார்கள். பவுன்தாய் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். ரோட்டை மட்டும் தெரிந்துவைத்திருந்தவள் அப்படித்தான் வீடுகளைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தாள். சாயாத வீட்டுக்காரிகளுக்கு மனத்தாங்கல் வேறு. "எங்க வீட்டுல மட்டும் என்ன, நாயா கட்டிப் போட்டிருக்கு? அம்புட்டு தூரம் பழகிட்டு, தாண்டிப் போறாளே!" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அங்கேயும் வண்டி சாய்ந்தது. தனக்கொடிக்கு யார் மனசையும் நோகடிக்க வராது.

பஸ் ஸ்டாண்டு முக்கில் ஏட்டு முத்தையா வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று அப்போதுதான் கெடுபிடி ஆரம்பித்திருந்தது.

"சார், பின்னால யாரும் இல்லையே" என்றாள் பவுன்தாய்.

"இல்லன்னா நான் கேக்க மாட்டேன்ல. டயரப் பாரு. ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? அந்தம்மா எங்க வீட்ல நைட்டி குடுத்தவங்கதான். அதுக்காகச் சட்டத்த விட முடியுமா?"

மறுநாள் ஒரு ஹெல்மெட் வாங்கிப் பின்சீட்டில் வைத்தாள். கட்டாமலே அது விழாமல் வந்தது. ஏட்டு பார்த்துத் தலையாட்டிவிட்டு, "கிளிப்ப மாட்டிக்கச் சொல்லு" என்றார்.

தனக்கொடியின் புருஷன் தவமணி கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். விஷயம் கேள்விப்பட்டு வந்தவர் ஸ்கூட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எத்தனையோ தடவ கூப்பிட்டுருக்கேன் பவுனு, என் லாரில ஒரு தடவகூட ஏறல. உசரமா இருக்கு, பயமா இருக்கும்பா" என்று சொல்லிச் சிரித்தார், சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. துண்டால் சீட்டின் தூசியைத் தட்டிவிட்டு, "பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னமனூர் அண்ணிதான் லேசில் விடவில்லை. எங்கள் வீட்டுப் பெண் எங்கள் வண்டியில் ஏறட்டும் என்று மகனுடைய புது பைக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, "கொடி, வா, வீட்டுக்குப் போகலாம்" என்று நயமாகவும் கூப்பிட்டுப் பார்த்தாள், அதட்டியும் கூப்பிட்டுப் பார்த்தாள். மத்தியான வெயிலில் இரண்டு வண்டிகளும் நின்றன. பைக் அப்படியே இருந்தது, ஸ்கூட்டியும் அப்படியே அமுங்கியிருந்தது. அண்ணி சீட்டில் கையை வைத்தவள் சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் கொதி கொதிக்குது, எப்படித்தான் உக்காந்திருக்காளோ. அன்னைக்கு ஒரு நீலத் துணி வச்சிருந்தியே, இருக்கா?"

"இருக்குங்க மதினி."

"அத விரிச்சுப் போடு. நீயே போடு."

பவுன்தாய் பையிலிருந்து மயில்நீல நைட்டியை எடுத்து உதறி, சீட்டில் சுருக்கம் இல்லாமல் விரித்தாள். அன்றிலிருந்து அந்தத் துணி அங்கேயே இருந்தது.

பவுன்தாய் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் வாழ்க்கையில் ஒன்றும் மாறவில்லை. காலையில் ஹாரன் அடித்தாள், "பிடிச்சுக்கடி" என்றாள், நாள் முழுவதும் பின்னால் பார்க்காமல் பேசிக்கொண்டே ஓட்டினாள். பதில் வரவில்லை என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் காற்றில் பாதி பதில் எப்போதும் காதில் விழுந்ததில்லை. அவளுக்குப் புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணாடிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் வண்டி விழுந்துவிடும் போலச் சாய்ந்தது. நிறுத்தி இறங்கி உள்ளே போனால், டை கட்டிய பையன்கள் பிரிட்ஜைத் திறந்து காட்டினார்கள், வாஷிங் மெஷினைச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். "என்னடி வேணும் உனக்கு இங்க? மிக்ஸியா? உன் மிக்ஸி நல்லாத்தானே ஓடுச்சு?" என்று வெளியே வந்து கேட்டாள். நாளைக்குக் காட்டுகிறேன் என்று சொன்னவள் என்ன காட்ட நினைத்தாள்? கடைக்காரர்களுக்கே சலித்துப்போகிற அளவுக்கு உள்ளே போய்ப் போய்த் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

தனக்கொடியின் ஒரே மகள் ஷர்மிளா கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பவுன்தாயைப் பவுனம்மா என்றுதான் கூப்பிடுவாள். லீவுக்கு வந்தவள் பெட்டியை வீட்டில் வைத்ததும் வைக்காததுமாக நேராகப் பவுன்தாயிடம் வந்தாள். வண்டியைப் பார்த்தாள், நீலத் துணியைப் பார்த்தாள், அமுங்கிக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். கிட்டே போகாமல் நின்றாள்.

"பவுனம்மா, நான் ஒரே ஒரு தடவ பின்னால உக்காந்துக்கிறேனே. அம்மா பக்கத்துல."

பவுன்தாய்க்குச் சுருக்கென்றது. ஒருவர் உட்காருகிற சீட்டு அது. இன்னொருவர் ஏறினால் இருக்கிறவள் எங்கே போவாள்? மகள் வந்துவிட்டாள் என்று நிம்மதியாக இறங்கிப் போய்விட்டால்? அப்புறம் காலையில் யாருக்கு ஹாரன் அடிப்பது? இதையெல்லாம் நினைத்தவள், "இப்ப வேணாம்டா. டயரு தேஞ்சு போயிருக்கு, ரெண்டு பேரு தாங்காது" என்றாள்.

டயர் புதியது. ரபீக் பாய் போன வாரம்தான் மாற்றியிருந்தார். ஷர்மிளா டயரையும் பார்த்தாள், பவுன்தாயின் முகத்தையும் பார்த்தாள்.

"ஊர்ல எல்லாரும் அம்மாகிட்டப் பேசிட்டாங்க. எனக்கு மட்டும்தான் இல்ல. பரவால்ல பவுனம்மா, உங்ககிட்டயாச்சும் இருக்காங்களே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தப் பெண் கோபமாகப் பேசியிருந்தால் பவுன்தாய் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டுச் சமாளித்திருப்பாள்.

அன்றிலிருந்து வண்டி எந்த வீட்டிலும் சாயவில்லை. ஓடைத் தெருவில் சாயவில்லை, பேசப் பிடித்த வீடுகளில் சாயவில்லை, கண்ணாடிக் கடையில்கூடச் சாயவில்லை. பாரம் மட்டும் அப்படியே, அசையாமல், நட்டுவைத்த கல்லாக இருந்தது. பவுன்தாய்க்கு இது தெரியாததல்ல. தனக்கொடி கோபித்துக்கொண்டால் இப்படித்தான் வாயைத் திறக்காமல், தோளைக்கூடப் பிடிக்காமல் வருவாள். பவுன்தாயாக இறங்கிவரும் வரைக்கும் அந்த இறுக்கம் விடாது. "என்னடி இப்ப?" என்று கேட்டாள். "அவ ஏறுனா நீ இறங்கிப் போயிருவியா, மாட்டியா? எனக்கு மட்டும் யாரு இருக்கா?" என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கத்தினாள். ரோட்டில் போன இரண்டு பேர் இது அவர்கள் சண்டை என்று ஒதுங்கிப் போனார்கள். வீட்டுக்காரப் பெண்களும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நைட்டி வேண்டாம் என்று பேச்சை முடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தாயையும் மகளையும் பிரித்துவைத்திருக்கிறவளிடம் யார் துணி எடுப்பார்கள்? ரபீக் பாய் மட்டும்தான் காற்று அடித்தபடியே நேராகச் சொன்னார்.

"அக்கா, காத்து எத்தன தடவ வேணும்னாலும் அடிச்சுத் தர்றேன். ஆனா நீங்க புடிச்சு வச்சிருக்கிறதாலதான் அவங்க உக்காந்திருக்காங்கன்னு நெனக்காதீங்க. கொடியக்காவ யாராச்சும் புடிச்சு உக்கார வைக்க முடியுமா?"

பவுன்தாய் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வண்டியை உருட்டிக்கொண்டே ஷர்மிளா வீட்டுக்குப் போனாள்; அந்தப் பாரத்தை மேட்டில் உருட்டுவது சாமானியம் இல்லை. ஷர்மிளா மறுநாள் கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்காகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பவுன்தாய் சாவியை நீட்டினாள். சீட்டை விட்டு யாரையும் எழுப்பிவிட வேண்டாத ஒரு வழியை அவள் வருகிற வழியில் யோசித்து வைத்திருந்தாள்.

"நீ ஓட்டு. அவ பின்னாடி இருக்கட்டும். நான் இங்க நிக்கிறேன்."

ஷர்மிளா காலேஜ் தோழியின் வண்டியில் ஓட்டிப் பழகியிருந்தாள், அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று மறைத்திருந்தாள். இப்போது ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். வண்டி மெதுவாகத் தெருவில் இறங்கிப் போனது. அந்த வண்டி தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பவுன்தாய் முதன்முதலாகப் பார்த்தாள். பின்சீட்டில் நீலத் துணி காற்றில் படபடத்தது, டயர் அமுங்கியபடியே உருண்டது, வண்டி கோயில் வளைவில் திரும்பி மறைந்தது. போய்விட்டாள் என்று பவுன்தாய் நினைத்தாள். வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருப் பெண்கள் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். ரபீக் பாயும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்.

வண்டி அடுத்த தெரு வழியாகச் சுற்றித் திரும்பி வந்தது. ஷர்மிளா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள்.

"பவுனம்மா, இடுப்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வர்றாங்க. கொஞ்சம் வேகமாப் போனா பின்னால இழுக்குறாங்க. வண்டி நாலு வீட்டுல சாஞ்சுது, தெரியுமா?"

"சாஞ்சுதா?" என்றாள் பவுன்தாய். "கோவம் போயிருச்சா அவளுக்கு?"

"நீங்களும் ஏறுங்க."

"எங்கடி இடம் இருக்கு?"

ஷர்மிளா திரும்பிச் சீட்டைப் பார்த்தாள். அமுங்கியிருந்த பள்ளம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நீலத் துணி காலியாகக் கிடந்தது.

வண்டி வாங்கிய நாளிலிருந்து பவுன்தாய் அதில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. எந்தக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. தெருப் பெண்கள் பிடித்து ஏற்றிவிட்டார்கள், ஒருத்தி துணிப் பையை எடுத்து மடியில் வைத்தாள். ரபீக் பாய் குனிந்து டயரைப் பார்த்தார். இன்னொரு ஆள் ஏறியும் டயர் ஒரு நூல்கூடக் கூடுதலாக அமுங்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தோன்றியதை அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை. பவுன்தாய் ஏறியதும் தனக்கொடி இறங்கிவிட்டாள் என்று சிலரும், இரண்டு பேரும் ஒரே பாரமாகிவிட்டார்கள் என்று சிலரும் பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"பிடிச்சுக்கங்க" என்றாள் ஷர்மிளா.

வண்டி கிளம்பியதும் பவுன்தாய்க்கு முதலில் பயமாக இருந்தது, ரோடு தெரியவில்லையே என்று. ரோடு இருக்க வேண்டிய இடத்தில் வீடுகள் வந்தன. ஒவ்வொரு வாசலாக அவளுக்கு நேராக வந்து, முகம் காட்டி, நகர்ந்து போனது. இத்தனை காலமும் காதால் மட்டும் கேட்டிருந்த பச்சைப் பெயிண்ட் வீடு இதோ இருந்தது, கொய்யா மரத்தில் தொட்டில் கட்டிய வீடு இதோ இருந்தது, எந்நேரமும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் என்று தனக்கொடி சொன்ன வெள்ளைப் பூனை ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தது. வாசல்களில் நின்ற பெண்கள் கையை ஆட்டினார்கள், அவளும் ஆட்டினாள். அடிப்பாவி, இதையெல்லாம் தினமும் தனியாகவா பார்த்துக்கொண்டு வந்தாய், நான் ஒரு தடவையாவது திரும்பியிருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. முக்கில் நின்ற ஏட்டு முத்தையா வண்டியைப் பார்த்தார், எண்ணிப் பார்ப்பது போல ஒரு விரலை நீட்டினார், பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு லாரியைத் திட்ட ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டு ரோட்டில் அந்தக் கண்ணாடிக் கடை வந்தது. சாயந்தர வெயில் எதிர்ப்பக்கமிருந்து விழுந்துகொண்டிருந்ததில், உள்ளே இருந்த பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுவதும் ரோடுதான் தெரிந்தது. ரோட்டில் ஒரு சின்ன ஸ்கூட்டி போனது. முன்னால் ஒருத்தி, உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை என்பது போல ரோட்டையே முறைத்துக்கொண்டு ஓட்டினாள். பின்னால் ஒருத்தி, மடியில் பையோடு, நீலத் துணிமேல் ஒருக்களித்து உட்கார்ந்து, கண்ணாடிக்குள்ளிருந்து நேராக இவளையே பார்த்தாள். இரண்டு பேர் துணியும் ஒரே காற்றில் பறந்தது. ஒன்றாகப் போவது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஓட்டுகிறவளுக்குத் தெரிய வழியே இல்லை. அது பின்னால் இருக்கிறவள் மட்டும் பார்க்க முடிகிற காட்சி.

இதைக் காட்டத்தான் உலுக்கியிருக்கிறாள். கடைக்குள் தேடச் சொல்லவில்லை. நம்மைப் பாரேன் என்றிருக்கிறாள்.

பவுன்தாய் முன்னால் இருந்த தோளைப் பிடித்து உலுக்கினாள். "இங்க பாரேன்டி" என்றாள். "ஷர்மி, ஒரே ஒரு தடவ இங்க பாரேன்."

"எதிர்ல பஸ் வருது பவுனம்மா" என்று ஷர்மிளா திரும்பாமலே கத்தினாள். "நான் ரோட்டப் பாக்கவா, உங்களப் பாக்கவா?"

பவுன்தாய் அந்தப் பெண்ணின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாவு வீட்டில் இடம் தெரியாமல் அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும், பஸ் ஸ்டாண்டு ரோட்டில், எல்லாரும் பார்க்க, வாய்விட்டு வெளியே வந்தது. முறை தெரிந்தவள் போல அழுதாள். ஷர்மிளா வண்டியை நிறுத்தவில்லை, மெதுவாக விட்டாள்.